இயக்கியும் காவலும்: ஒரு சிறு வரலாறு



பழைய அச்சுப்பொறியைப் புதிய கணினியில் இணைத்தால், சில வேளைகளில் அஃது இயங்க மறுக்கும். “பாதுகாப்பு அமைப்பை அடைத்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்று அறிவுரை கூறுவோர் உளர். அந்த அமைப்பு ஏன் வந்தது என்பதை அறிந்தபின் முடிவு செய்வதே நலம்.

இயக்கி என்பது யாது?

இயங்குதளத்திற்கும் கருவிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் மென்பொருளே இயக்கி. ‘டிரைவர்’ என்று நாம் வழங்குவது இதனைத்தான். பல இயக்கிகள் இயங்குதளத்தின் உட்கருவிலேயே பணியாற்றுகின்றன. சாதாரண மென்பொருள் பழுதானால் பெரும்பாலும் அது மட்டுமே மூடிக்கொள்ளும். உட்கருவிலுள்ள இயக்கி பழுதானாலோ கணினி முழுவதும் நின்றுவிடும்.

நம்பிக்கையிலிருந்து சோதனைக்கு

1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, கருவியைச் செருகியதும் தானே அடையாளம் காணும் வசதியைப் பரவலாக்கியது. ஆனால், 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நின்றிருக்க, வருடி ஒன்றை இணைத்தவுடன் விண்டோஸ் 98 நீலத்திரையைக் காட்டியது. அரங்கமே சிரித்தது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, சோதிக்கப்படாத இயக்கியைப் பற்றி எச்சரித்தது. ஆயினும், ‘தொடர்க’ பொத்தானை அழுத்தி எவரும் அதனைக் கடந்துவிடலாம். ஆகவேதான், பொதுமக்களுக்கு 2007-இல் வந்த விஸ்தாவின் 64 பிட் பதிப்பில், மின்னியல் கையொப்பம் இல்லாத உட்கரு இயக்கிகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது.

கையொப்பமும் போதவில்லை. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் எனும் நச்சுநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் களவாடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிட்ட இயக்கிகளோடு வந்தது. கையொப்பம் பெயரைச் சொல்லும், நோக்கத்தைச் சொல்லாது. அதனால், உட்கருவைத் தனியே காக்கும் ‘நினைவக ஒருமைப்பாடு’ எனும் அமைப்பு பின்னர்ச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 புதுப்பிப்பு முதல், பலவீனம் கண்டறியப்பட்ட இயக்கிகளின் தடைப்பட்டியலும் இயல்பாகவே செயல்படுகிறது.

காவலனே தடுமாறிய நாள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிய உட்கரு இயக்கி கணினியையே வீழ்த்தியது. 78 நிமிடங்களில் கோப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன.

கணினிகள் பலவற்றைப் பாதுகாப்பு முறையில் தொடக்கி, அக்கோப்பை ஒவ்வொன்றாக நீக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கரால் பூட்டப்பட்டவற்றுக்கு 48 இலக்க மீட்புக் குறியீடும் தேவைப்பட்டது. குறியீட்டை எழுதி வைக்காதோர் திகைத்தனர்.

நமக்கான பாடம்

இயக்கி இயங்கவில்லையெனில் முதலில் தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் புதிய பதிப்பைத் தேடுவோம். புதுப்பித்த பின்னர்ச் சிக்கல் எழுந்தால், சாதன மேலாளரில் முந்தைய பதிப்பிற்குத் திரும்புவோம். மீட்புக் குறியீட்டைக் கணினிக்கு வெளியே, தாளில் எழுதி வைப்போம். இவற்றுக்கும் வழிபடாத பழைய அச்சுப்பொறிக்கு ஓய்வு கொடுப்பதே மேல். மாணவர்களின் மதிப்பெண்களும் குடும்ப ஆவணங்களும் இருக்கும் கணினியின் காவலை, ஓர் அச்சுப்பொறிக்காக விலக்கலாமா? எண்ணிப் பார்ப்போம்.