குதிரை வண்டியில் வந்த படப்பெட்டி



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய புகைப்படத்தைப் பார்க்கும்போது, அதில் இருப்பவர் யார் என்று கேட்கிறோம். அதை எடுத்தவர் எந்த வண்டியில் வந்தார், பெட்டியை யார் தூக்கினார்கள், அன்றைய பொழுதை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார் என்று கேட்பதில்லை. மலாயாவில் புகைப்படக் கலை கால் ஊன்றிய காலத்தில், ஒரு நகரத்தை ஒரு நாளில் சுற்றிப் படம் எடுப்பது பெரும் பாடு. அதற்கு வண்டி வேண்டும், குதிரை வேண்டும், குதிரைக்காரர் வேண்டும், தண்ணீர் வேண்டும், கைவேலை தெரிந்த உதவியாளர் வேண்டும். அந்த உதவியாளர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தக் காலத்துப் படம் எப்படி உண்டாயிற்று என்று தெரிந்துகொள்வோம். 1851ஆம் ஆண்டு பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிய முறையை வெளியிட்டார். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். அதை இருட்டில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் பெட்டியில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே மருந்து ஊற்றி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். எல்லாம் சுமார் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நம் நாட்டு வெயிலில் அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பது அரிது. ஆகவே படம் எடுப்பவர் போகும் இடமெல்லாம் ஓர் இருட்டறையும் கூடவே போயிற்று. கறுப்புத் துணிக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரங்கள், முக்காலி, படப்பெட்டி ஆகிய எல்லாவற்றையும் தோளில் சுமந்து போக முடியுமா? அதனால்தான் வண்டி வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 1856இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1857ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்கு மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். செலவு அதிகம் என்று சொல்லி 1860இல் அரசாங்கம் அந்த வேலையை நிறுத்திவிட்டது. செலவைக் கணக்குப் பார்த்த அதிகாரிகளின் கோப்புகளை இன்று யாரும் தேடுவதில்லை. அந்தச் சுருளைத்தான் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

இனி நம் மலாயாவுக்கு வருவோம். ஜான் தாம்சன் என்பவர் 1837இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். 1862இல் சிங்கப்பூரில் இருந்த தம் அண்ணனிடம் வந்து சேர்ந்தார். பிறகு ஏறத்தாழப் பத்து மாதம் பினாங்கிலும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும் தங்கிப் படங்கள் எடுத்தார். பிற்காலத்தில் அவர் சயாம், கம்போடியா, சீனா ஆகிய நாடுகளுக்குச் சென்று உலகப் புகழ் பெற்றார். 1875இல் அவர் வெளியிட்ட பயண நூலில் பினாங்கு வேலையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. படங்களை அச்சிடுவதற்கும் மற்ற உதவிகளுக்கும் சென்னைப் பக்கத்து ஆட்கள் இருவரைப் பழக்கி வைத்துக்கொண்டாராம். சீனர்கள் இதைப் பேய் வேலை என்று கருதி ஒதுங்கிவிட்டார்களாம்.

நேயர்களே, இந்த இருவரைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளி நைத்திரேட்டு பட்டால் விரல் கறுத்துப் போகும். சோப்புப் போட்டாலும் அந்தக் கறை எளிதில் போகாது. முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டின் அடியில் வைத்து, வெயிலில் காட்டி, நிறம் ஏறுகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் படம் கருகும், குறைந்தால் வெளிறும். இது கண்ணும் கையும் பழகினால் மட்டுமே வரும் வேலை. இத்தனையும் கற்றுத் தேர்ந்த அந்த இரண்டு பேருடைய பெயரைத் தாம்சன் எழுதி வைக்கவில்லை. ஊர் என்ன, தகப்பனார் யார், பிறகு என்ன ஆனார்கள் என்பதும் அந்த நூலில் இல்லை.

அந்நாளில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஓடிய வாடகைக் குதிரை வண்டிக்குக் 'கரி' என்று பெயர். இந்தியாவில் வழங்கும் 'காடி' என்ற சொல்லே இப்படி மருவிற்று. நான்கு சக்கரம், பக்கத்தில் திறக்கும் பலகைச் சன்னல், மேலே வெயில் மறைப்பு, முன்னால் ஒரு மட்டக் குதிரை. குதிரைகள் பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்தவை. உருவத்தில் சிறியவை என்றாலும் உழைப்பில் குறைந்தவை அல்ல. குதிரையைப் பார்த்துக்கொள்பவரை 'சைஸ்' என்று அழைத்தார்கள். மலாய் மொழியிலும் இந்தச் சொல் வழங்குகிறது. பாரச் சாமான்களை இழுத்தவை மாட்டு வண்டிகள். சிங்கப்பூரில் 'கிரேத்தா ஆயர்' என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாட்டு வண்டிகளால் அந்தப் பெயர் நிலைத்தது.

இப்போது பினாங்கு ஜார்ஜ் டவுனில் அந்தக் காலத்துப் படக்காரர் ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் வழி வகுப்பதாக வைத்துக்கொள்வோம். எப்படி வகுத்திருப்பார்? வெளிச்சம், தண்ணீர், குதிரை ஆகிய மூன்றையும் கேட்டுத்தான் வகுத்திருக்க முடியும்.

விடியற்காலையில் வண்டி கிளம்பும். முதலில் கடலோரத்துக் கோர்ன்வாலிஸ் கோட்டை. அது தீவின் கிழக்கு முனையில் இருப்பதால் காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து அதன் மேல் விழும். காற்றும் அடங்கியிருக்கும்; கூடாரத் துணி பறக்காது. அடுத்து, அங்கிருந்து சிறிது தூரத்தில் 1818இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். அதன் பின்னர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதற்கு அருகில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருப்பதால் கூடாரத்தை அடிக்கடி பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, நாலு பக்கமும் போய் வரலாம். ஆனால் தகடு காய்வதற்குள் ஓடி வந்து சேர வேண்டும். ஓடுகிறவர் உதவியாளர்.

உச்சிப் பொழுதில் வேலை நின்றுவிடும். தலைக்கு மேல் சூரியன் நின்றால் முகத்தில் கண்குழி மட்டும் கறுப்பாகத் தெரியும். மருந்தும் சூட்டில் கெடும். குதிரையும் நாக்கைத் தள்ளும். ஆகவே நிழல் பார்த்து அவிழ்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, புல் போட்டு, மனிதர்களும் சோறு உண்டு இளைப்பாறுவார்கள். படத்துக்கு ஆகாத நேரமே குதிரைக்கு ஓய்வு நேரமாக அமைந்தது. வெயில் சாய்ந்தபின் நகரத்துக்கு வெளியே, நம்மவர் தண்ணீர்மலை என்று சொல்லும் அருவிப் பக்கம் போகலாம். அங்கே தகடு கழுவத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மாலை மழைக்கு முன் திரும்பிவிட வேண்டும். இப்படி நாள் முழுவதும் உழைத்தால் கைக்கு வருபவை சில தகடுகளே. அவற்றில் ஒன்று வண்டிக் குலுக்கலில் உடைந்தால் அந்தக் காட்சி போனது போனதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தகட்டில் படம் பதியப் பல விநாடிகள் ஆகும். அதுவரை அசையாமல் நின்றவர் மட்டுமே தெளிவாகப் பதிந்தார். கட்டடம் பதிந்தது, நாற்காலியில் அமர்ந்த துரை பதிந்தார். மூட்டை தூக்கி நடந்தவர் ஒரு புகைபோலத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார். குதிரை தலையை ஆட்டினால் தலையில்லாத குதிரையாகிவிடும். அந்நாளையத் தெருப் படங்கள் பல வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுவே காரணம். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர்கள் வேலை செய்துகொண்டிருந்ததால் படத்தில் நிற்கவில்லை.

காலம் மாறியது. 1880இல் சிங்கப்பூருக்கு மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா வந்தது. 1886இல் கிள்ளான் பக்கமிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஓடியது. 1888இல் கோடாக் சுருள் படப்பெட்டி விற்பனைக்கு வந்தது. இருட்டுக் கூடாரத்தைச் சுமக்கும் தேவை தீர்ந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியும் வந்து சேர, குதிரை வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின, நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறி வந்தார்கள். 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதன்முறை. தோட்டத்தின் பெயரே நம் மொழியில் இருக்கிறது. அவருடைய பெயரும் ஆண்டும் புத்தகத்தில் இருக்கின்றன. குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன?

ஆகவே, நேயர்களே, பழைய படக்காரர் போட்ட அதே கணக்கை நாமும் நம் வட்டாரத்தில் போட்டுப் பார்க்கலாம். குதிரை வேண்டாம், மோட்டார் சைக்கிள் போதும். படப்பெட்டி கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

காலை ஏழரைக்குக் கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றில் தொடங்குங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்ட வரலாறும் அங்கே உண்டு. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேல் காலை வெயில் நன்றாக விழும். கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பிறகு புக்கிட் ரோத்தான், இஜோக் வழியாக, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வரை போகலாம். 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததையும் மறக்க வேண்டாம். இன்று இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே கால் அளவில். அந்த நேரத்தில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நாலு மணிக்கு மேல் சாய்ந்த வெயிலில் லயத்து வீடுகளையும், மாரியம்மன் கோயிலையும், பள்ளிக்கூடத்தையும், இடுகாட்டையும் எடுங்கள். நிர்வாகத்திடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

லயங்கள் இடிக்கப்படுகின்றன, தோட்டங்கள் வீட்டுமனைகளாகின்றன. நாளை ஒருவர், "இங்கே கோயில் இருந்ததா? பள்ளி இருந்ததா?" என்று கேட்டால், ஆண்டு குறித்த ஒரு படம் பதில் சொல்லும். எடுத்த படத்தைக் கடையில் கொடுத்துத் தாளில் அச்சிடுங்கள்; தொலைபேசி கெட்டால் அதிலுள்ள படமும் அதோடு போய்விடும். பாட்டி பால்வாளியோடு நிற்கும் பழைய படம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். எல்லாப் படங்களின் பின்னாலும் பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இருப்பவரின் பெயரோடு, படம் எடுத்தவரின் பெயரையும், அவரோடு கூட வந்து உதவியவரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். பினாங்கில் விரல் கறுக்க உழைத்த அந்த இருவருக்கும் கிடைக்காதது, நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்.