பாக்னால்டின் மெழுகு உருண்டைகள்

முதல்ல ஒரு கேள்வி. மணல் திடமா, திரவமா? கடற்கரையில அது மேல நடக்குறோம். மணல் கடிகாரத்துல அதே மணல் ஒழுகுது. மழைத்தண்ணியோட கலந்து மலைச்சரிவுல இறங்கினா ஊரையே மூடிடுது. இப்படி ஓடுற துகள்கள் எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு விசை கொடுக்கும்? இதுக்கு விடை தேடுன ஒருத்தரோட கதைதான் இன்னைக்கு.

ரால்ஃப் பாக்னால்ட், 1896-ல் பிறந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களில் எகிப்தில் பணி. லீவு கிடைச்சா ஃபோர்டு காரை எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ள போயிடுவார். மணல்மேடுகளுக்கு யார் இவ்வளவு ஒழுங்கான வடிவம் கொடுத்தாங்கன்னு அவருக்கு ஒரு குடைச்சல். பின்னாடி லண்டன் இம்பீரியல் கல்லூரியில காத்துக்கூண்டு அமைச்சு, மணலை ஊதிப் பார்த்தே ஒரு புத்தகம் எழுதினார். அது 1941-ல் வெளிவந்தப்போ அவர் மறுபடி ராணுவத்துல இருந்தார்.

நம்ம கதைக்கு முக்கியமானது 1954-ல் அவர் வெளியிட்ட சோதனை. மெழுகோட ஈய உப்பு ஒண்ணைக் கலந்து, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய உருண்டைகள் செஞ்சார். ஏன் மெழுகு? தண்ணியோட அடர்த்தியே இருந்தா உருண்டை மிதக்காது, மூழ்காது. ஈர்ப்பு விசையைக் கணக்கிலிருந்தே தூக்கிடலாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு உருளைகள், நடுவுல இந்தக் கலவை. வெளி உருளை சுத்தும். உள் உருளையில விசையை அளப்பார்.

மெதுவா சுத்தினா, வேகம் ரெண்டு மடங்கு, விசையும் ரெண்டு மடங்கு. வேகமா சுத்தினா, வேகம் ரெண்டு மடங்கு, விசை நாலு மடங்கு! அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமை. வேகம் இரட்டிச்சா மோதல்களோட எண்ணிக்கை இரட்டிக்கும், ஒவ்வொரு மோதலோட பலமும் இரட்டிக்கும். ரெண்டையும் பெருக்கினா நாலு. சேறும் பாறையும் கலந்து ஓடுற நிலச்சரிவுகளைக் கணக்கிடுறவங்க இதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. அரை நூற்றாண்டா ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிக்கிட்டே இருந்தாங்க.

2002-ல் மெலனி ஹன்ட், ராபர்டோ செனிட், சார்லஸ் கேம்ப்பெல், கிறிஸ்டோபர் பிரென்னன் நாலு பேரும் அந்தக் கருவியோட அளவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தாங்க. உருளைகளுக்கு நடுவுல இருந்த இடைவெளியைப்போல உயரம் வெறும் 4.6 மடங்குதான். மேல், கீழ் மூடிகளும் வெளி உருளையோட சேர்ந்தே சுத்துச்சு. அதனால மூடியை ஒட்டி திரவம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, நடுவுல உள்பக்கம் திரும்பி, ரெண்டு சுழல்கள் உருவாகியிருக்கும். வேகம் கூடும்போது கூடுதல் விசையில பெரும்பங்கு இந்தச் சுழல்களிலிருந்து வந்திருக்கலாம்.

இதுக்கான தடயம் எங்க கிடைச்சுது தெரியுமா? பாக்னால்டோட சொந்த டேட்டாவுலதான். உருண்டையே போடாம வெறும் திரவத்தை மட்டும் வெச்சு அவர் எடுத்த அளவுகளை, 1954-க்கு முன்னாடியே வந்த மத்த ஆய்வுகளோட ஒப்பிட்டாங்க. மூடிகளோட பங்கைக் கணக்குல சேர்த்ததும், கலவையை 'கொஞ்சம் கெட்டியான சாதாரணத் திரவம்'னு எடுத்துக்கிட்டாலே அவரோட உராய்வு அளவுகளைப் பெரும்பாலும் விளக்க முடிஞ்சுது. சோதனை மேல இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுச்சு.

அப்போ அந்த இருமடி விதி பொய்யா? அதுவும் இல்ல. காய்ந்த துகள்கள் நெருக்கம் மாறாம வேகமா ஓடும்போது, அங்க நேரத்தை அளக்க உருக்குலையும் வேகத்தைத் தவிர வேற அளவுகோலே கிடையாது. அதனால பரிமாணக் கணக்குப்படியே இருமடி வந்து நிக்குது. விதி நிலைச்சுது, அதுக்கு ஆதாரமா காட்டுன சோதனைதான் தாங்கல.

2006-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோப், ஃபோர்ட்டேர், பூலிக்கென் மூணு பேரும், அழுத்தத்தோட ஒப்பிடும்போது துகள் எவ்வளவு வேகமா நகருதுங்கிற ஒரே எண்ணை வெச்சு, உராய்வைக் கணிக்கிற விதியை முன்வெச்சாங்க. 2011-ல் பூலிக்கெனும் கூட்டாளிகளும் திரவத்துல மிதக்குற துகள்களுக்கும் அதே பார்வையை விரிச்சாங்க. அவங்க செஞ்ச முக்கியமான மாற்றம் கருவியிலதான்: கலவையோட கன அளவைப் பூட்டி வைக்காம, அழுத்தத்தை நிலையா வெச்சுக்கிட்டு, துகள்கள் விரியறதுக்கு இடம் விட்டாங்க.