கடல் கடந்த எழுத்து

மொழியும் சமயமும் எழுத்தும் எப்போதும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன என எண்ணுவது நம்மிடையே பெருவழக்கு. பண்பாட்டுப் புவியியல் அவ்வாறு கொள்வதில்லை. குடிபெயரும் மக்கள் தம் பண்பாட்டை உடன்கொண்டு செல்வது ஒருவகைப் பரவல்; ஓரிடத்துப் பண்பாட்டுக் கூறுகளைப் பிறிதோர் இடத்தார் விரும்பி ஏற்றுத் தமதாக்கிக்கொள்வது மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறியத் தென்கிழக்காசியா மிகப் பொருத்தமான களமாகும்.

போர்னியோவின் கிழக்குப் பகுதியில், கூத்தை என்னுமிடத்தில் கிடைத்த ஏழு வேள்வித் தூண்களும் கி.பி. 400ஐ ஒட்டியவை என்பர். அவற்றின் மொழி வடமொழி. எழுத்தோ தென்னிந்திய மரபினது. அவற்றில் புகழப்படும் அரசன் மூலவர்மன், அவன் தந்தை அசுவவர்மன், பாட்டன் குண்டுங்கன். பாட்டனின் பெயர் அம்மண்ணுக்கே உரியது என அறிஞர் பலர் கருதுவர். உள்ளூர்க் குடி ஒன்று புதிய சமயத்தையும் பெயர் மரபையும் தானே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் நோக்கிச் சென்றதோ கி.பி. 1025இல், ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். எனவே எழுத்தை அங்குக் கொண்டுசேர்த்தது வாள் அன்று. வணிகரும் வேதியரும் பௌத்தத் துறவியரும் சென்ற வழியில் அது சென்றது.

ஏற்றவர்கள் அதனை அவ்வண்ணமே வைத்திருக்கவில்லை. கம்போடியாவின் அங்கோர் போரேயில் கி.பி. 611இல் கெமர் மொழியும், சுமத்திராவின் பலெம்பாங் அருகே கெடுகான் புக்கிட் கல்வெட்டில் கி.பி. 683 அளவில் மலாய் மொழியும் அவ்வெழுத்து மரபில் இடம்பெற்றன. சாவக மொழியினர் தமக்கு வேண்டிய 20 அடிப்படை எழுத்துகளைக் கொண்டு தம் நெடுங்கணக்கை அமைத்தனர். கெமர் வழியாக அம்மரபைப் பெற்ற தாய்லாந்து மக்கள், தம் மொழியின் ஒலியேற்ற இறக்கங்களுக்குத் தனிக் குறிகள் படைத்தனர்.

தமிழ்மொழியும் கடல் கடந்ததுண்டு. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்ததைக் கூறுகிறது. சுமத்திராவின் பாரூசுக்கு அருகில் ஐந்நூற்றுவர் பொறித்த கல்வெட்டு கி.பி. 1088ஐச் சார்ந்தது. சீனத்துச் சுவான்சௌவில் கி.பி. 1281இல் சிவன் கோயிலுக்காகப் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இவை பெரிதும் வணிகக் குடியிருப்புகளின் சுவடுகள். அக்குடியிருப்புகள் மறைந்தபின் கற்களே எஞ்சின. ஆயினும் கப்பல், கடை, முதல் என்னும் நம் சொற்கள் காப்பால், கெடாய், மொடால் என மலாய் மக்களின் நாவில் இன்றும் வழங்குகின்றன. வணிகர் தந்தவை வணிகச் சொற்களே என்பது எண்ணத்தக்கது.

பின்னர் இசுலாம் பரவியபோது மலாய் மொழி அரபு எழுத்தை மேற்கொண்டது. அண்மைக் காலத்தில் உரோமன் எழுத்துக்கு மாறியது. எழுத்து மாறிற்று; சமயம் மாறிற்று; மொழி நிலைத்தது. இசுலாமிய நோன்பைக் குறிக்கும் புவாசா என்னும் மலாய்ச் சொல், உபவாசம் என்னும் வடசொல்லின் திரிபாகும். பழைய சமயத்தின் சொல் புதிய சமயத்துக்கும் பணிசெய்கிறது.

கடாரம் கொண்ட பெருமையைப் பாடாத தமிழ்க் கவியரங்கம் அரிது. அவ்வெற்றி வரலாறே, அதனை மறுப்பார் இலர். ஆனால் நிலைத்து வாழ்ந்தது, பிறர் விரும்பி ஏற்றுத் தம் தாய்மொழியை எழுதிக்கொண்ட எழுத்து மரபு. அதில் கொடுத்தவர்க்குள்ள பெருமையைவிட, கொண்டு வளர்த்தவர்க்குள்ள பெருமை குறைந்ததன்று. அவ்வெழுத்தில் சாவகரும் கெமரும் படைத்த இலக்கியங்களுள் எத்தனை நம் மொழிக்கு வந்துள்ளன? பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், இனிவரும் ஆண்டுகளில் அவற்றுள் சிலவற்றையேனும் தமிழில் கொணர முயலுமாயின், பன்னூறு ஆண்டுகளாக ஒருவழியே சென்ற கொடை மறுவழியும் திரும்பும்.