மஸ்கட்: கடலைப் பார்த்து வாழ்ந்த தலைநகரம்

ஓமான் வளைகுடாவின் தென்மேற்குக் கரையில், ஹஜர் மலைத்தொடரின் கருநிறப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடத்தில், சிறு குடா ஒன்றை ஒட்டிப் பழைய மஸ்கட் நகரம் அமைந்துள்ளது. மூன்று புறம் மலையும் ஒரு புறம் கடலுமாக அமைந்த இக்கிடப்பே நகரின் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது. பயிரிடத் தக்க நிலம் அங்கு மிகக் குறைவு. நன்னீருக்கோ ஒருசில கிணறுகளையும் ஊற்றுகளையுமே நம்ப வேண்டியிருந்தது. கோடையில் பகலெல்லாம் காய்ந்த பாறைகள் இரவிலும் அனலை உமிழும். ஆயினும் காற்றின் சீற்றம் எட்டாத ஆழமான துறை அங்கு இயற்கையாகவே வாய்த்திருந்தது. கடல்வழி வருவோர்க்குத் திறந்தும் நிலவழி வருவோர்க்கு அடைத்தும் கிடந்த இந்நகரம், தனக்குப் பின்னாலிருந்த ஓமானின் உள்நாட்டைக் காட்டிலும், கடலுக்கு அப்பாலிருந்த சிந்து, குஜராத், மலபார், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய கரைகளோடு நெருங்கிய உறவு கொண்டு பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது.

அரபுக் கடலோடிகள் பருவத்தைக் குறிக்க வழங்கிய ‘மவ்சிம்’ என்னும் சொல்லே, ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றுக்குப் பெயராயிற்று. அக்காற்றை நம்பிய பயணத்தில் மஸ்கட், பாரசீக வளைகுடாவை விட்டு வெளியேறும் கலங்கள் குடிநீர் நிரப்பிக்கொள்ளும் கடைசித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. கி.பி. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த, சீனம், இந்தியா பற்றிய அரபுப் பயணக் குறிப்பு, பாரசீகக் கரையிலுள்ள சீராஃபிலிருந்து புறப்படும் கலங்கள் மஸ்கட்டில் நீர் எடுத்துக்கொண்டு, மிதமான காற்றில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் கொல்லத்தை அடையும் என்று கூறுகிறது. எனினும் அக்காலத்தில் ஓமான் கரையின் முதன்மையான வணிக நகரம் வடக்கேயிருந்த சுஹார். அதன் பின்னர் ஹுர்முஸ் அரசின் ஆட்சிக்காலத்தில் கல்ஹாத் அவ்விடத்தைப் பெற்றது. மஸ்கட் நெடுங்காலம் தங்கிச் செல்லும் துறையாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1507இல் அஃபோன்சோ டி அல்புகெர்க் நகரைத் தாக்கிச் சூறையாடி எரித்ததோடு, ஒன்றரை நூற்றாண்டு நீடித்த போர்ச்சுகீசிய ஆதிக்கம் தொடங்கியது. உதுமானியத் துருக்கியர் 1552இல் பீரி ரெய்ஸ் என்னும் கடற்படைத் தலைவரின் கீழ் நகரைச் சிறிது காலம் கைப்பற்றினர். 1581இல் மீண்டும் கொள்ளையிட்டுச் சென்றனர். இத்தாக்குதல்களுக்குப் பின்னரே துறையின் இரு முனைகளிலும் உள்ள பாறைகளின் மீது, இன்று ஜலாலி, மிரானி எனப்படும் இரு கோட்டைகளும் அந்நூற்றாண்டின் இறுதியில் வலுவாக எழுப்பப்பட்டன. 1622இல் பாரசீகரும் ஆங்கிலேயரும் சேர்ந்து ஹுர்முஸைப் பறித்துக்கொண்டபோது, போர்ச்சுகீசியர்களுக்கு அப்பகுதியில் எஞ்சிய பெருந்தளம் மஸ்கட்டே ஆயிற்று.

அவர்களை வெளியேற்றிய ஆற்றல் மலைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓமானின் உள்நாட்டில் வேரூன்றிய இபாதி நெறி, சன்னி, ஷியா ஆகிய இரண்டிலும் சேராத தனித்த இஸ்லாமியப் பிரிவாகும். சமயத்தலைவராகவும் ஆட்சித்தலைவராகவும் விளங்கும் இமாமை, மார்க்க அறிஞர்களும் குலத்தலைவர்களும் கூடித் தேர்ந்தெடுப்பது அதன் மரபு. அம்மரபின்படி 1624இல் இமாமான யஅருபி குலத்து நாசிர் பின் முர்ஷித், பிரிந்து கிடந்த குலங்களை ஒன்றிணைத்தார். அவருக்குப் பின் வந்த சுல்தான் பின் சைஃப் 1650 ஜனவரியில் மஸ்கட்டைக் கைப்பற்றினார். கோட்டைக்குப் பொருள் வழங்கிய நரோத்தம் என்னும் இந்திய வணிகர், தம் மகளைப் போர்ச்சுகீசியத் தளபதி பெண் கேட்டு வற்புறுத்தியதால் சினந்து, பழையன கழித்துப் புதியன நிரப்புவதாகச் சொல்லி உணவையும் நீரையும் வெடிமருந்தையும் கோட்டையிலிருந்து வெளியேற்றிவிட்டு இமாமுக்குச் செய்தி அனுப்பினார் என்று ஓமானிய வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. அது முழுதும் உண்மையாயினும் கதையாயினும், நகரின் வாழ்வில் இந்திய வணிகர் பெற்றிருந்த இடத்திற்கு அது சான்றாகிறது. கைப்பற்றிய கப்பல்களைக் கொண்டே கடற்படையைப் பெருக்கிய யஅருபிகள், 1698இல் மொம்பாசாவின் இயேசு கோட்டையையும் போர்ச்சுகீசியர்களிடமிருந்து வென்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூண்ட உள்நாட்டுப் போரும் அதையொட்டி நுழைந்த பாரசீகப் படைகளும் யஅருபி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தன. பாரசீகரை வெளியேற்றிய சுஹார் ஆளுநர் அஹ்மத் பின் ஸயீத் இமாமானார். அவர் நிறுவிய ஆல் பூ ஸயீத் வம்சமே இன்றளவும் ஓமானை ஆள்கிறது. அவருடைய வழியினர் 1780களில் ஆட்சியின் இருக்கையை உள்நாட்டு நகரமான ருஸ்தாக்கிலிருந்து மஸ்கட்டிற்கு மாற்றியபோது, அரசின் வருவாய் பேரீச்சந்தோட்டங்களைக் காட்டிலும் சுங்கத்தையே மிகுதியாகச் சார்ந்தது. யெமனின் காப்பியும் மலபாரின் மிளகும் ஏலக்காயும் மங்களூர் அரிசியும் ஆப்பிரிக்கத் தந்தமும் இத்துறையில் கைமாறின. மைசூரின் திப்பு சுல்தான் இங்கு வணிகக் கோத்தி, அதாவது பண்டகசாலையுடன் கூடிய வாணிக நிலையம், ஒன்றை நடத்தினார். நெப்போலியன் எகிப்தில் இறங்கிய 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மஸ்கட்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டதற்கு, இவ்வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் திப்புவை எட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் காரணமாகும். சிந்து, கச்சுப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய பாட்டியா வணிகர்கள் கடன் கொடுப்போராகவும், சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுப்போராகவும் செல்வாக்குப் பெற்றனர்.

1806 முதல் 1856 வரை ஆண்ட ஸயீத் பின் சுல்தான் காலத்தில் இக்கடல் அரசு தன் உச்சத்தை எட்டியது. ஆனால் அந்த உச்சமே மஸ்கட்டுக்கு இறக்கமாயிற்று. கிராம்புத் தோட்டங்களின் வருவாய் பெருகிய சான்சிபாருக்கு அவர் 1840 அளவில் தம் அவையையே மாற்றிக்கொண்டார். அத்தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதும், மஸ்கட்டே அடிமை வாணிகத்தின் துறையாக நெடுங்காலம் இருந்தது என்பதும் இச்செழிப்பின் மறைக்க முடியாத பக்கமாகும். அவர் இறந்தபின் அவருடைய மகன்களிடையே அரசு பிளவுபட்டது. 1861இல் இந்தியாவின் ஆங்கிலத் தலைமை ஆளுநர் கேனிங் அளித்த தீர்ப்பு, செல்வமுள்ள சான்சிபாரைத் தனியரசாக்கி, அது மஸ்கட்டுக்கு ஆண்டுதோறும் 40,000 மரியா தெரேசா வெள்ளி நாணயங்கள் தரவேண்டும் என்று விதித்தது.

அதே காலத்தில் நீராவிக் கப்பல்கள் வளைகுடாவுக்கு வந்தன. காற்றுக்குக் காத்திராத கப்பலுக்குக் காற்று மறைந்த துறையின் தேவை குறைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் வணிகத்தின் போக்கு மேலும் விலகியது. 1873இல் அடிமை வாணிகம் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்த துப்பாக்கி வாணிகத்தையும் 1912இல் ஆங்கிலேயர் கட்டுப்படுத்தினர். வருவாய் இழந்த சுல்தான்கள் ஆங்கிலேயரின் துணையை நாட, உள்நாட்டுக் குலங்கள் 1913இல் மீண்டும் தமக்கென இமாமைத் தேர்ந்தெடுத்துக் கிளர்ந்தெழுந்தன. 1915 ஜனவரியில் நகரின் அருகே வரை வந்த அவர்களைத் தடுத்து நிறுத்தியவை பிரிட்டிஷ் இந்தியப் படைகளே. 1920ஆம் ஆண்டின் சீப் உடன்படிக்கை, கடற்கரை சுல்தானுக்கும் உள்நாடு இமாமுக்கும் என நடைமுறையில் பிரித்துவைத்தது. ‘மஸ்கட்டும் ஓமானும்’ என்று நாட்டுக்கு வழங்கிய இரட்டைப் பெயர், மலை வகுத்த இப்பிரிவைச் சரியாகவே சுட்டியது.

1950களில் ஆங்கிலேயர் உதவியுடன் உள்நாட்டை வென்றபின்னும், சுல்தான் ஸயீத் பின் தைமூர் நாட்டை அடைத்தே வைத்திருந்தார். சூரியன் மறைந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கோட்டையில் பீரங்கி ஒலித்ததும் மதில்வாயில்கள் சாத்தப்படும். அதன்பின் தெருவில் நடப்பவர் கையில் விளக்கேந்த வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கென 1959இல் வெளியிட்ட ரூபாயை மற்றவை ஒவ்வொன்றாகக் கைவிட்ட பின்னரும், 1970 வரை பயன்படுத்திய நாடு இதுவே. எண்ணெய் ஏற்றுமதி 1967இல் தொடங்கியிருந்தும், 1970இல் நாடு முழுவதிலும் இருந்தவை மூன்று பள்ளிகளும் சுமார் 10 கிலோமீட்டர் தார்ச்சாலையும் மட்டுமே.

அவ்வாண்டு ஜூலை 23 அன்று தந்தையை அகற்றி ஆட்சிக்கு வந்த காபூஸ், மலைகளைக் குடைந்தும் வெட்டியும் சாலைகள் அமைத்தார். பெருந்துறைமுகம் அருகிலுள்ள மத்ராவிலும், வணிக நகரம் மலைக்கு அப்பாலுள்ள ருவியிலும் எழ, கடற்கரையை ஒட்டி மேற்கே பல கல் தொலைவு மஸ்கட் நீண்டு பரந்தது. பழைய நகரிலோ, இரு கோட்டைகளுக்கும் நடுவே சுல்தானின் அரண்மனையும் அரசு அலுவலகங்களுமே இன்று பெரும்பகுதியாக எஞ்சியுள்ளன. மலைகளில் வழி திறப்பதற்கு முன்பே பெயரில் வழி திறந்துவிட்டது: 1970 ஆகஸ்டில் ‘மஸ்கட்டும் ஓமானும்’ என்னும் பெயர் நீக்கப்பட்டு, நாடு ‘ஓமான் சுல்தானகம்’ என்னும் ஒற்றைப் பெயர் பெற்றது, மஸ்கட் அதன் தலைநகரமாயிற்று.