சப்தர்ஜங் ரயில் நிலையத்தின் சரித்திரம்

டில்லியின் சரித்திரம் என்றவுடன் செங்கோட்டையும் குதுப்மினாரும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் அழைத்துச் செல்வதும் அவ்விடங்களுக்கே. ஆயின் மோதி பாக்கில் வாழும் நமக்கு அண்மையிலேயே மற்றொரு சரித்திரம் இருக்கிறது. அதுவே சப்தர்ஜங் ரயில் நிலையம். ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் எமக்கு, அதைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாலு வார்த்தை சொல்வது கடமை எனத் தோன்றிற்று.

முதலில் பெயரைக் கவனிப்போம். சப்தர்ஜங் என்பவர் அவத் நாட்டு நவாப்; மொகலாய சக்கரவர்த்தியிடம் பிரதம மந்திரியாகவும் விளங்கியவர். 1754-ல் மறைந்த அவருக்கு எழுப்பப்பட்ட சமாதி லோதி சாலையின் மேற்குக் கோடியில் நிற்கிறது. அவர் பெயரே விமானத் தளம், மருத்துவமனை, ரயில் நிலையம் ஆகிய மூன்றுக்கும் வழங்கி வருகிறது.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தலைநகர் டில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. புதிய நகர் அமையவிருந்த நிலத்தின் ஊடே ஆக்ரா–டில்லி ரயில் பாதை சென்றது. நகரின் பொருட்டு அதனைப் பெயர்த்து, கிழக்கே யமுனைப் பக்கமாக அமைத்தனர். 1924-ல் அப்புதுப் பாதை திறக்கப்பட்டது. ஆக, இத்தலைநகரில் ரயில் பாதை நகருக்கு வழிவிட்டு ஒதுங்கியது. இச்செய்தியை மனத்திற் கொள்க, பின்னர் பயன்படும்.

சுதந்திரத்திற்குப் பின் அரசாங்க ஊழியர்களுக்கென நகரின் தென்புறத்தில் மோதி பாக், வினய் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. வினய் நகரே பின்னர் சரோஜினி நகர் ஆயிற்று. தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்பக்கம் குடியேறின. ஆனால் இம்மக்களை அலுவலகத்திற்கு ஏற்றிச் செல்லும் நோக்கத்துடன் இங்கே ரயில் வந்ததில்லை. பழைய டில்லி, புது டில்லி நிலையங்களில் பிரயாணி வண்டிகளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அவற்றினிடையே நீண்ட சரக்கு வண்டியொன்று நுழைந்தால், அது கடந்து செல்லும்வரை பின்வருபவை யாவும் காத்து நிற்க நேரும். இதனைத் தவிர்க்கவே, அவ்விரு நிலையங்களையும் தொடாமல் சரக்கு வண்டிகள் செல்லும் சுற்று ரயில் பாதை 1975-ல் ஏற்பட்டது. அதன் சுற்றளவு சுமார் 35 கிலோமீட்டர். நிஜாமுதீன், லஜ்பத் நகர், லோதி காலனி, சரோஜினி நகர், சப்தர்ஜங், நாராயணா விகார், தயாபஸ்தி, புது டில்லி என அது நகரை வளைத்து வருகிறது.

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை இங்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதனையொட்டிச் சுற்றுப்பாதை சீர்செய்யப்பட்டு, 24 வண்டிகள் கூடுதலாக விடப்பட்டன. 2010-ல் காமன்வெல்த் போட்டிகளின்போதும் சப்தர்ஜங் உட்பட ஏழு நிலையங்கள் புதுப்பொலிவு பெற்றன. இருந்தும் கூட்டம் வரவில்லை. காரணம் யாதெனில், சரக்குக்காக இட்ட பாதை ஜனங்கள் நடமாடும் சாலைகளைத் தேடிச் செல்லவில்லை. நிலையத்தை அடையச் சந்துகளில் நடக்க வேண்டும். இறங்கினால் பஸ்ஸுக்கு மீண்டும் நடக்க வேண்டும். வண்டிகளோ நாளில் சிலவே. சரக்கு வண்டிக்கு இவை குறைகள் அல்ல. அலுவலகம் செல்வோனுக்கு அனைத்தும் குறைகளே.

2018 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மோதி பாக்கிற்கு மெட்ரோ ரயில் வந்தது. அந்நிலையம் பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் பெயரைத் தாங்குகிறது. அதுவும் நகரைச் சுற்றும் பாதையே. ஆனால் பெரும்பகுதி ரிங் ரோட்டை ஒட்டிச் செல்வது. மக்கள் இருக்கும் இடத்தை நாடி வந்ததால் மக்கள் அதனை நாடினர். ஒன்று நகருக்கு ஒதுங்கி நின்ற பாதை. மற்றொன்று நகரோடு இணைந்த பாதை. வேறுபாடு அவ்வளவே.

எனினும் சப்தர்ஜங் நிலையத்திற்குத் தனிப்பெருமை ஒன்றுண்டு. ராஜஸ்தானத்தைச் சுற்றிக் காட்டும் 'பேலஸ் ஆன் வீல்ஸ்' என்னும் ஆடம்பர வண்டி புறப்படும் இடம் அது. 2021 ஜூன் 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தம் சொந்த மண்ணாகிய கான்பூர்ப் பக்கம் செல்லத் தனி ரயில் ஏறியதும் அங்கேதான். அதற்கு முன் அவ்வாறு ரயிலில் சென்ற குடியரசுத் தலைவர், நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். 2006-ல் டில்லியிலிருந்து டேராடூனுக்குப் பிரயாணம் செய்தார். நிலையத்திற்கு அருகே சாணக்கியபுரியில் 1977 பிப்ரவரி 1-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம், பழைய நீராவி எஞ்சின்களைப் போற்றிக் காத்து வருகிறது.

ஆக, தலைவர்களும் செல்வந்தர்களும் அறிந்த நிலையத்தை அண்டை வீட்டினராகிய நாம் அறியாதிருப்பது நன்றன்று. மோதி பாக்கின் பழைய குவார்ட்டர்ஸ் பல இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நம் முன்னவர் இங்கு வாழ்ந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. பாதை மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோர், நிலையத்தையும் ஒருமுறை காட்டி, அது ஏன் அங்கு வந்தது எனச் சொல்லிக் கொடுப்பாராக. வசிக்கும் இடத்தின் கதையை அறிந்தவனுக்கு அவ்விடம் அந்நியமாகாது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு இது மிகவும் வேண்டுவதாகும்.