வாக்குமூலங்கள் உள்ள அலுவலகத்துக்கு எந்தச் சுவிட்ச்?

வடபகுதியில் சிறிய அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது எனது தொழில். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் வாக்குமூலம் பதிந்து வைத்திருக்கும் அலுவலகம் ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். வாக்குமூலங்கள் உள்ள சேர்வர், கணக்காளரின் கணினி, கண்காணிப்புக் கமராக்கள், வந்து போவோர் பாவிக்கும் வைஃபை எல்லாமே ஒரே வலையமைப்பில் இருந்தன. வைஃபை கடவுச்சொல்லோ சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்த எவரும் தமது தொலைபேசியிலிருந்தே சேர்வரின் வாசல் வரை போகலாம். ஒரு தாயின் வாக்குமூலம் வேறு கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எமது மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு வி-லான். ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை இது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4094 வரையான இலக்கம் ஒன்று உண்டு. ஊழியருக்கு 10, சேர்வருக்கு 20, கமராவுக்கு 30, விருந்தினருக்கு 40 என வைப்பது என் வழக்கம். பிரித்தபின் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தரவு போகாது. ஆனால் ஊழியர் சேர்வருக்குப் போகத்தானே வேண்டும்? அதனால் இவற்றுக்கிடையே வழிப்படுத்த ஒரு கருவி தேவைப்படுகிறது.

கடைக்காரர் உடனே 'லேயர் 3' சுவிட்சைக் காட்டுவார். வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். வழிப்படுத்தும் வேலையைச் சுவிட்சின் சிப்பே செய்வதால் போர்ட்டின் முழு வேகமும் கிடைக்கும். பெரிய கோப்புகள் நாள் முழுவதும் ஓடும் அலுவலகத்துக்கு அது தேவை.

ஆனால் வழிப்படுத்தலை இயக்கியதும் பெரும்பாலான சுவிட்சுகள் எல்லா வி-லான்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். எழுப்பிய சுவரில் நாமே கதவு வைத்தது போலத்தான். ஏசிஎல் எனப்படும் அனுமதிப் பட்டியலை எழுதினால்தான் விருந்தினர் வைஃபையிலிருந்து சேர்வருக்குள்ள வழி மூடும். அதிலும் ஒரு குறை உண்டு. சாதாரண ஏசிஎல் ஒவ்வொரு தரவுப் பொதியையும் தனியாகவே பார்க்கும். பேச்சை யார் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்திராது. அந்த நினைவு பயர்வோலுக்கு உண்டு.

ஆகவே பத்துப் பதினைந்து பேர் உள்ள இவ்வாறான அலுவலகத்துக்கு நான் லேயர் 3 சுவிட்ச் வாங்கச் சொல்வதில்லை. வி-லான் அமைக்கக்கூடிய சாதாரண லேயர் 2 சுவிட்ச் போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல பயர்வோல் ஒன்றை வாங்கி, வழிப்படுத்தலை அதனிடம் விடலாம். வேகம் சற்றுக் குறையும். வாக்குமூலக் கோப்பைத் திறக்க அது தடையல்ல.

வாங்கும்போது 802.1க்யூ ஆதரவு உண்டா, மென்பொருள் இற்றைப்படுத்தல் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். பாவித்த பழைய சுவிட்சுகள் மலிவு. ஆனால் பலவற்றுக்கு இற்றைப்படுத்தல் நின்றுவிட்டது, விசிறிச் சத்தமும் தாங்காது. கமராக்களுக்குக் கேபிள் வழியே மின் கொடுப்பதானால் 802.3ஏஎஃப் போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும். சுவிட்சின் மொத்த வாட் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அமைப்பைச் சேமிக்க மறக்காதீர்கள். பல சுவிட்சுகளில் சேமிக்காத மாற்றம் மின்வெட்டோடு அழிந்துவிடும்; பழைய அமைப்போடு சுவிட்ச் எழும்பும், ஒருவருக்கும் தெரியாது. 2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் கண்டவர்கள்.

வேலை முடிந்ததும் நான் சுவிட்சின் மின்னை நிறுத்தி மீண்டும் போடுவேன். பிறகு எனது தொலைபேசியை விருந்தினர் வைஃபையில் இணைத்து, சேர்வரின் முகவரியைத் தட்டிப் பார்ப்பேன். பதில் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.