தீ மூட்டிய பெண்களும் உளமருத்துவமும்

வீட்டுக்குத் தீ வைத்தவள் பித்துடையவளா, கொடியவளா என்னும் வினாவையே ஐரோப்பிய மருத்துவரும் நீதிபதிகளும் நெடுங்காலம் கேட்டு வந்தனர். அவள் ஏன் தீயை நாடினாள் என்னும் வினா பிந்தியே பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் மருத்துவர் சிலர், பருவமெய்தும் வயதுடைய பணிச்சிறுமியருக்குத் தீயின்மீது இயல்பாகவே வேட்கை தோன்றும் என்றனர். 1833இல் பிரான்சிய மருத்துவர் மார்க் அதனைத் தனியொரு பித்தாக வகுத்தார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1863இல் திறக்கப்பட்ட புறோட்மூர்க் காவல் மனநல விடுதி முதன்முதல் ஏற்றுக்கொண்டது பெண்களையே. உயர்ந்த மதிலும், ஒழுங்கான வாழ்வும், தையல், சலவை முதலிய வேலைகளுமே அக்காலத்துச் சிகிச்சை.

பின்னாளில் மெய்யியலறிஞராகப் புகழ்பெற்ற கார்ல் யாஸ்பர்ஸ், 1909இல் தம் மருத்துவப் பட்டத்துக்கென ஊர்நினைவும் குற்றமும் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். பெற்றோரைப் பிரித்துக் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியர் சிலர், எசமானின் வீடு எரிந்தால் தம் வீட்டுக்குத் திரும்பலாம் என்றெண்ணித் தீ வைத்த வரலாறுகள் அதில் உள்ளன. பிறர்வீட்டு அடுப்படியே உலகாக வாழும் சிறுமியைக் கண்டவர்க்கு இஃது விளங்காத செய்தியன்று. எனினும், அவர்களுக்கு வேறு வழி கற்பிக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெறப் பல ஆண்டுகள் சென்றன.

1987இல் ஜாக்சன் முதலிய ஆங்கில ஆய்வாளர் மூவர், மீண்டும் மீண்டும் தீ வைப்போரைப் பற்றி ஒரு விளக்கம் தந்தனர். எதிர்நின்று பேசவோ நிலைமையை மாற்றவோ இயலாதவர்க்குத் தீயே எஞ்சிய கருவியாகிறது. மணி ஒலிக்கிறது, ஆட்கள் ஓடி வருகின்றனர், அதுவரை திரும்பிப் பாராதவரும் பார்க்கின்றனர்.

இவ்விளக்கம் சிகிச்சைக்கு வழிகாட்டிற்று. ஜோன் டெய்லரும் துணைவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சட்டப்படி தடுத்துவைக்கப்பட்ட, அறிவுவளர்ச்சி சற்றே குறைந்த ஆறு பெண்கள் ஒரு குழுவாக அமர்ந்து ஏறத்தாழ 40 அமர்வுகளிற் பங்குபற்றினர். தீ வைக்குமுன் எழுந்த உணர்ச்சி யாது, வைத்தபின் நேர்ந்தது யாது என ஒவ்வொருத்தியும் தன் செயலை ஆராய்ந்தாள். தீயினால் விளையும் கேட்டை அறிந்தாள். சினத்தை அடக்கவும், மனக்குறையை வாய்திறந்து சொல்லவும் பழகினாள்.

ஆறுபேர் என்பது சிறுதொகை. ஒப்புநோக்க வேறொரு குழுவும் இருந்திலது. அன்றியும், தீப்பெட்டியே கிட்டாத காவல் விடுதியில் ஒருத்தி தீ வைக்காதிருத்தல் குணமடைந்தமைக்குச் சான்றாகாது. வெளியே சென்ற பின்னரே உண்மை புலப்படும். ஆயினும், தீ வைத்தவள் என்று ஏட்டில் எழுதப்பட்டவளுக்கு இடங்கொடுக்க எந்த விடுதியும் அஞ்சும். அவ்வச்சத்தையும் கடந்து, ஈராண்டின்பின் நோக்கியபோது, அறுவருள் ஒருத்தி நீங்கலாக ஏனையோர் ஊர்நடுவே குடியமர்த்தப்பட்டிருந்தனர். எவரும் மீண்டும் தீ வைத்ததாகச் செய்தியில்லை.